பள்ளி நாட்களில் பிள்ளைகளின் உறக்கமும் உடல்நலமும்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது என்றால் சீருடை, நோட்டு, பை, வேன் கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் திட்டமிடுகிறோம். பிள்ளை இரவு எத்தனை மணிக்குத் தூங்கும் என்பதை மட்டும் பெரும்பாலான வீடுகளில் யாரும் திட்டமிடுவதில்லை.

6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இதை நம் வீட்டு நேரத்தோடு வைத்துப் பாருங்கள். காலை 6.30 மணிக்கு மக்தப் என்றால் பிள்ளை 5.45 மணிக்காவது எழ வேண்டும். அதற்கு முந்தைய இரவு 8.45 மணிக்கே உறங்கியிருக்க வேண்டும். டியூஷன் விட்டு வந்து, வீட்டுப்பாடம் எழுதி, சாப்பிட்டுப் படுக்க 10.30 ஆகிறது என்றால் தினமும் ஒன்றே முக்கால் மணி நேரம் குறைகிறது. ஆறு நாளில் முழுசாக ஓர் இரவுத் தூக்கமே போய்விடுகிறது.

தூக்கம் போதாத பெரியவர்கள் கொட்டாவி விடுவார்கள். பிள்ளைகள் பல நேரம் அப்படிச் செய்வதில்லை. எரிந்து விழுவார்கள், தம்பி தங்கையை அடிப்பார்கள், ஓர் இடத்தில் உட்கார மாட்டார்கள். மக்தபில் ஹஜ்ரத்திடம் திட்டு, பள்ளியில் டீச்சரிடம் திட்டு, வீட்டில் நம்மிடம் திட்டு. "கவனமே இல்லை" என்று மூன்று இடத்திலும் ஒரே புகார் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பிள்ளை படுக்கும் நேரத்தைத்தான்.

இரவுச் சாப்பாட்டை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் முடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு டியூஷன் உண்மையிலேயே வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். காலை மக்தப் கடினமாக இருந்தால் மாலை வகுப்புக்கு மாற்ற முடியுமா என்று ஹஜ்ரத்திடம் கேட்கலாம், பல மஹல்லாக்களில் மாலையிலும் ஓதிக் கொடுக்கிறார்கள். விடுமுறை நாளில் கூடுதலாகத் தூங்கினாலும், வழக்கமாக எழும் நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போக வேண்டாம்.

நம் ஊர்களில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அத்தா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இரவுத் தூக்கத்தைத் தள்ளிப் போடுவது அவருடைய வீடியோ கால்தான். சவூதி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது, துபாய் ஒன்றரை மணி நேரம். அவர் வேலை முடிந்து குளித்துவிட்டு இரவு எட்டு மணிக்கு அழைத்தால் இங்கே பத்தரை. "அத்தா முகத்தைப் பார்க்காமல் தூங்க மாட்டான்" என்று உம்மா விழித்திருக்க வைப்பார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நேரத்தை மாற்றலாம். சவூதியில் காலை 5 மணி என்றால் இங்கே 7.30, பிள்ளை மக்தபிலிருந்து வந்து சாப்பிட உட்காரும் நேரம். வேலைக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் அத்தா அப்போது பேசட்டும். நீண்ட பேச்சை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அத்தாவிடம் காரணத்தைச் சொன்னால் அவரே ஒப்புக்கொள்வார்.

அடுத்து, தண்ணீர். காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறதா? குறிப்பாகப் பெண்பிள்ளைகள், பள்ளிக் கழிவறை அசுத்தமாக இருப்பதால் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீரை அடக்குவதால் தொற்று வருகிறது, மலச்சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளையைத் திட்டுவதில் பயனில்லை. நாலைந்து பெற்றோர் சேர்ந்து தலைமை ஆசிரியரைப் பார்த்து, தாழ்ப்பாள், தண்ணீர், வாளி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மாதவிடாய் தொடங்கிய பிள்ளைக்கு இது இன்னும் அவசியம்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை "சூடு, வாந்தி வரும்" என்று சில வீடுகளில் தடுக்கிறார்கள். சாப்பிட்ட பின் போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பாகப் போவது பயப்படும் விஷயமல்ல. ஆனால் சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். காலையில் டீயில் ரொட்டி தொட்டுச் சாப்பிட்டுப் போகும் பழக்கம் நம்மிடம் அதிகம். அதற்குப் பதில் இட்லியோ முட்டையோ கொடுங்கள். அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது, அதைச் சாப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. குடற்புழு நீக்க அல்பெண்டசோல் மாத்திரையையும் தவறவிட வேண்டாம். 10 வயதிலும் 16 வயதிலும் டிடி தடுப்பூசி உண்டு.

அண்மைய ஆண்டுகளில் ரமலானும் தேர்வும் ஒட்டியே வருகின்றன. பருவமடையாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமையில்லை. ஆசைப்பட்டு வைப்பவர்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். நோன்பு வைக்கும் பெரிய பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் தூங்கட்டும். ஸஹருக்குப் பிறகு படிப்பது பலருக்கு நன்றாக வரும். இரவு தராவீஹுக்குப் பிறகு கடைத்தெருவுக்குப் போவதைத்தான் தேர்வு முடியும்வரை தள்ளிப்போட வேண்டும். நோன்பு திறந்ததும் வெறும் பஜ்ஜி, சமோசா என்று நிறுத்தாமல் நோன்புக் கஞ்சியும் பழமும் தண்ணீரும் போதுமான அளவு போக வேண்டும்.

கடைசியாக, திங்கட்கிழமை வயிற்று வலி. ஞாயிறு முழுக்க ஓடி விளையாடிய பிள்ளை, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்கிறது. வேன் போனதும் சரியாகிவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் "நடிக்கிறான்" என்று இரண்டு மாதம் அடித்து அனுப்பினார்கள். வேனில் பெரிய பையன்கள் அவனுடைய சாப்பாட்டுப் பையைப் பிடுங்கிக் கேலி செய்திருக்கிறார்கள். பயத்தில் வரும் வலியும் உண்மையான வலிதான். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைதல், காய்ச்சல், மலத்தில் ரத்தம் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவை இல்லாமல் பள்ளி நாளில் மட்டும் வந்தால், எதிரில் உட்காரவைத்து விசாரிக்காமல், கடைக்குப் போகும்போதோ பைக்கில் போகும்போதோ பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வேனில் யார் பக்கத்தில் உட்காருகிறான், இடைவேளையில் யாரோடு இருக்கிறான், எந்த ஆசிரியரைப் பிடிக்காது என்று ஒவ்வொன்றாக வரும். யாராவது தொட்டுத் தொந்தரவு செய்ததாகச் சொன்னால் "வெளியே சொல்லாதே" என்று அடக்கிவிடாதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும், பள்ளி சார்ந்த புகார் என்றால் 14417 எண்ணுக்கும் அழைக்கலாம்.