புறக்கடைக் கோழிக்குப் பின்னே ஒரு வரலாறு

திருப்பூர் மாநகரின் ஒரு பகுதியாகிவிட்ட வேலம்பாளையத்தில், எங்கள் தெருவில் ஓர் அம்மையார் வசிக்கிறார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வீட்டின் பின்புறம் ஒரு வேப்பமரமும் அதைச் சுற்றிச் சிறிது மண்தரையும் உண்டு. சென்ற ஆண்டு சைக்கிளில் வந்த வியாபாரியிடம் பச்சை, ரோஜா நிறச் சாயம் பூசிய கோழிக்குஞ்சுகள் பத்து வாங்கினார். பிள்ளைகள் இருவருக்கும் நாளுக்கு ஒரு முட்டை கிடைக்கும் என்பது அவர் எண்ணம். ஏழு குஞ்சுகள் மடிந்தன. பிழைத்த மூன்றும் கொண்டை வளர்ந்து கூவத் தொடங்கின!

“ஏனுங்க சார், காலேஜுல பாடம் நடத்துறீங்களே, முட்டைக்கு எந்தக் கோழி வாங்கோணும்னு சொல்லுங்க” என்று என்னிடம் கேட்டார். நான் கற்பிப்பது இயற்பியல். எனினும் அவருக்கு விடை சொல்ல முயன்றபோது, அக்கேள்விக்குள் ஒரு நீண்ட வரலாறு அடங்கியிருப்பதைக் கண்டேன்.

காட்டிலிருந்து வீட்டுக்கு

வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழியே என்று 1868-ஆம் ஆண்டில் டார்வின் எழுதினார். 2020-இல் வெளியான மரபணு ஆய்வு இதை உறுதி செய்தது. தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியான்மர் பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழியின் ஒரு கிளையே முதன்மை மூதாதை என்றும் அது காட்டியது. தாய்லாந்தின் பான் நான் வாட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகள், ஐயத்துக்கு இடமின்றி வீட்டுக்கோழியுடையவை எனக் கருதப்படுபவற்றுள் மிகப் பழமையானவை. அவற்றின் காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டது. களத்தில் சிந்திய தானியத்தை நாடியே காட்டுக்கோழி மனிதனை அண்டியது என்பது அறிஞர் கருத்து.

இக்கதையில் நமக்கும் பங்குண்டு. பல கோழி இனங்களின் கால்களும் தோலும் மஞ்சளாக இருக்கின்றன. இந்த மஞ்சள் நிறத்துக்குரிய மரபணு செங்காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை. சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் சுவீடன் ஆய்வாளர் குழுவினர் கண்டறிந்தனர். இந்தியாவுக்கே உரிய அப்பறவை, நம் உடுமலைக்குத் தெற்கே ஆனைமலைக் காடுகளில் இன்றும் கூவிக்கொண்டிருக்கிறது. ‘சீமைக்கோழி’ என்று நாம் அழைக்கும் வெள்ளை லெகார்னின் மஞ்சள் கால்களில் இருப்பது இந்தியக் காட்டின் முத்திரை!

கடல் கடந்த கோழிகள்

லெகார்ன் என்பது இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர். அங்கிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா சென்ற கோழிகளை முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தனர். அடையில் அமர்ந்த கோழி முட்டையிடாது. ஆகவே அடை காக்காத கோழிகளையே வளர்த்துப் பெருக்கினர். குஞ்சு பொரிக்கும் வேலையைப் பொரிப்பான் எந்திரம் ஏற்றுக்கொண்டது.

இறைச்சிக் கோழியின் கதை வேறு. நம் நாட்டுச் சண்டைக்கோழியான அசீல் இங்கிலாந்தின் கார்ன்வாலுக்குச் சென்றது. அங்குள்ள இனங்களோடு கலந்து அகன்ற மார்புடைய கார்னிஷ் இனம் தோன்றியது. 1948-இல் அமெரிக்காவில் நடந்த ‘நாளைய கோழி’ போட்டியில் வென்றது ஒரு கார்னிஷ் கலப்பே. இன்று பல்லடம் வட்டாரக் கொட்டகைகளில் வளரும் பிராய்லரின் உடலிலும் அசீலின் இரத்தம் ஓடுகிறது.

இவ்வாறு முட்டைக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று எனப் பிரிந்ததும் ஒரு சிக்கல் எழுந்தது. முட்டை இனத்தின் சேவற்குஞ்சு முட்டையும் இடாது. விரைவில் சதையும் போடாது. ஒரு நாள் குஞ்சிலேயே ஆண், பெண் பிரித்தறியும் முறையை 1920-களில் ஜப்பானியர் கண்டறிந்தனர். அப்படி ஒதுக்கப்படும் சேவற்குஞ்சுகளே சாயம் பூசப்பட்டு நம் தெருக்களுக்கு மலிவாக வந்து சேர்கின்றன. அந்த அம்மையாரின் மூன்று சேவல்களுக்கும் காரணம் இதுவே.

மார்த்தாண்டம் கற்பித்த பாடம்

ஏழைக் குடும்பத்துக்கு நல்லினக் கோழி உதவுமா என்ற சோதனை தமிழகத்துக்குப் புதிதன்று. 1920-களில், அன்று திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்க வேளாண் அறிஞர் கிராம முன்னேற்ற நிலையம் ஒன்றை நடத்தினார். கோழி வளர்ப்பும் தேனீ வளர்ப்பும் அதன் முக்கியப் பணிகள். அவர் நல்லினக் கோழியைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. வளர்க்கும் முறையைக் கற்பித்தார். முட்டைகளைச் சேர்த்து விற்கக் கூட்டுறவு முறையில் ஏற்பாடு செய்தார். மக்களின் தன்முயற்சியும் அருகிலிருந்து தரும் அறிவுரையும் இணைய வேண்டும் என்பது அவர் கொள்கை. இனம் மட்டும் வந்தால் போதாது. அதற்குரிய சூழலும் உடன் வரவேண்டும் என்பதே அப்பாடம்.

ஆற்றல் கணக்கு

ஏன் அப்படி? இங்கே இயற்பியல் துணைக்கு வருகிறது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள பண்ணைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடுகிறது. முட்டைக்கு 55 கிராம் என்றால் மொத்தம் 16½ கிலோ. அதன் எடையைப் போல் பதினொரு மடங்கு! ஓட்டுக்கு மட்டும் முட்டை ஒன்றுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஆண்டுக்கு இது 600 கிராம். ஆற்றலும் பொருளும் வெறுமையிலிருந்து தோன்றுவதில்லை. அக்கோழி நாள்தோறும் சுமார் 110 கிராம் சமன்செய்த தீவனம் உண்டாக வேண்டும். வேப்பமரத்தடியில் கிளறிக் கிடைக்கும் கறையானும் புழுவும் சிந்திய சோறும் இதற்கு ஈடாகுமா?

நாட்டுக்கோழி ஆண்டுக்குச் சுமார் 60 முட்டைதான் இடும். ஆனால் தானே இரை தேடும், அடை காக்கும், பருந்தின் நிழல் கண்டால் குஞ்சுகளைச் சிறகுக்குள் அழைக்கும். வெண்ணிறக் கோழி பருந்தின் கண்ணில் எளிதில் படும். மண்ணிறக் கோழி மறைந்துகொள்ளும். வெயிலும் ஒரு சோதனை. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. மூச்சிரைத்தும், கொண்டை, தாடி வழியாகவும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. உடல் பெருக்கப் பெருக்க, எடைக்கேற்ற மேற்பரப்பு குறைகிறது. கொழுத்த பிராய்லர் சித்திரை வெயிலில் துவளுவது இதனால்தான்.

இரண்டுக்கும் நடுவே

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோழியை உருவாக்க நம் நாட்டு அறிஞர்கள் முயன்றனர். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் கிரிராஜாவை அளித்தது. ஐதராபாத்தின் கோழி ஆராய்ச்சி நிலையம் முட்டைக்கும் இறைச்சிக்குமாக வனராஜாவையும், முட்டைக்காக கிராமப்பிரியாவையும் உருவாக்கியது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழியும் இவ்வகையே. இவை வண்ண இறகுடையவை. நாட்டுக்கோழியைவிட இரு மடங்குக்கும் மேல் முட்டையிடக் கூடியவை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை 1902-இல் பேட்சன் நிறுவியது கோழிகளை வைத்துத்தான். அவ்விதிப்படி, கலப்பினத்தின் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து சிதறும். எனவே வனராஜா போன்றவற்றுக்குக் குஞ்சுகளை மீண்டும் நிலையத்தில்தான் வாங்க வேண்டும்.

விடை

நாளுக்கு இரண்டு முட்டை என்றால் ஆண்டுக்கு 730. நாட்டுக்கோழியானால் பன்னிரண்டு வேண்டும். அச்சிறிய இடம் தாங்காது. ஆண்டுக்கு 150 இடும் வண்ணக் கோழியானால் ஐந்து போதும். மாலையில் கைத்தீவனம் தரவேண்டும். அடைக்கும் குஞ்சுக்கும் இரண்டு சிறுவிடைக் கோழிகளை உடன் வைத்துக்கொள்ளலாம் என்றேன். எந்த இனமானாலும் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி தவறக்கூடாது. 1927-இல் இமயமலையடுத்த ராணிகேத்தில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயரையே பெற்ற அந்நோய், ஒரே வாரத்தில் கூண்டையே காலி செய்துவிடும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு, உரிய வயதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப, கோழிக்கு முன்னால நம்ம இடத்தையும் தீனியையும் பாக்கோணும்ங்கிறீங்க” என்றார். மூவாயிரம் ஆண்டு வரலாற்றின் சாரத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். சிறந்த இனம் என்று தனியே ஒன்றில்லை. நம் முற்றத்துக்கு ஏற்ற இனம் என்றுதான் உண்டு.