அரிக்கமேடு: தோணி சுமந்த வாணிகம்

அரிக்கமேட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ரோமானியரிடமிருந்தே தொடங்குகின்றனர். மத்தியதரைக் கடற்கரையின் மதுச்சாடிகள், இத்தாலிய நகரமொன்றின் பெயர்தாங்கிய செந்நிற மட்கலங்கள், 1930களின் இறுதியில் ழுவோ துப்ரேய் கண்டு அகஸ்டஸின் உருவமெனக் கருதிய கல்முத்திரை, 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு என்று அவ்வரலாறு விரிகிறது. நாம் கேட்க விரும்புவது வேறு: அச்சாடிகள் கடலிலிருந்து மேட்டுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன?

விடை ஆற்றில் இருக்கிறது. செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி, வில்லியனூர் வழியே கிழக்கு நோக்கி வந்து, கடலை நெருங்குகையில் பிரிகிறது. வடகிளை அரியாங்குப்பம் ஆறு, தென்கிளை சுண்ணாம்பாறு. வடகிளையின் கரையில், கடலுக்கு அண்மையில், வளைவொன்றில் அமைந்தது அரிக்கமேடு. அலையும் புயலும் நேரே தாக்காத இடம். ஆனால் இவ்வாற்றின் முகத்துவாரம் மணல் மூடுவதும் திறப்பதுமாக இருப்பது. இத்தகைய வாயிலுக்குள் பெருங்கலம் நுழைவது எளிதன்று.

சங்கப் பாடல்கள் துறைமுகங்களின் இயல்பை நுட்பமாகவே வேறுபடுத்துகின்றன. புறநானூற்றின் 30ஆம் பாட்டில், பெருங்கப்பல் பாயைக் களையாமலே, சுமையைக் குறைக்காமலே காவிரியின் வாய்க்குள் புகுகிறது. 343ஆம் பாட்டில் பரணர் காட்டும் முசிறியோ வேறு. அங்கே கலம் தந்த பொன்னைக் கழியில் ஓடும் தோணிகளே கரைசேர்க்கின்றன. முன்னது ஆழமான ஆற்றுவாய். பின்னது இடைத்தோணி தேவைப்படும் கழிமுகம். அரியாங்குப்பம் ஆற்றின் தன்மையை நோக்க, அரிக்கமேட்டை முசிறியின் பக்கத்தில் வைப்பதே பொருத்தமென நமக்குத் தோன்றுகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடல் வழிகாட்டி', கமரா, பொதுகே, சோபட்மா என்னும் துறைகளைச் சொல்கிறது. பொதுகேயை அரிக்கமேடெனக் கொள்வர் அறிஞர். அத்துறைகளில் மூவகைக் கலங்கள் இருந்தன என்பது அந்நூலின் கூற்று: கரையோரமாகவே ஓடும் உள்ளூர்க் கலங்கள், பெருமரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா', கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் செல்லும் பெருங்கலங்கள். 'சங்கரா' என்பதை மலையாளத்தில் இன்றும் வழங்கும் 'சங்ஙாடம்' என்னும் சொல்லோடு இணைத்துக் காண்போர் உண்டு. அயலான் ஒருவன் குறித்து வைத்த இவை யாவும் இக்கரையின் கலங்கள் என்பதே நாம் மறக்கலாகாத செய்தி.

இத்தகைய தோணியொன்றின் ஒரு பகலை ஓரளவு ஊகிக்க முடியும். காற்றின் இயல்பு பெரிதும் மாறிவிடவில்லை. கோடையில் விடியுமுன் நிலத்திலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும். ஓதம் வடியும் வேளையும் அதனோடு கூடினால், மேட்டின் துறையில் அவிழ்த்த தோணி சிறிய பாயோடே முகத்துவாரத்தை அடைந்துவிடும். மணல்திட்டைக் கடக்கையில் பாய் உதவாது. கழையூன்றித் தள்ளியே கடக்க வேண்டும். நங்கூரமிட்ட கலத்தருகே சுமை மாறும்: மேட்டில் செய்த கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் மேலேற, சாடிகள் கீழிறங்கும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழும். அதுவே பாயை நிறைத்துத் தோணியை ஆற்றுக்குள் திருப்பி அனுப்பும். காலையில் கொண்டுசென்ற காற்றும் மாலையில் மீட்டுவந்த காற்றும் கூலி கேளாதவை. ஓதத்தின் ஏற்றம் இக்கரையில் ஒரு மீட்டரைக்கூட எட்டாதாகையால், வேளை தவறினால் தோணி சேற்றில் தரைதட்டும். அவ்வேளையை அறிந்தவன் கரையில் பிறந்தவனே.

இம்முறை பண்டைக் காலத்தோடு முடிந்துவிடவுமில்லை. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக் கப்பல்களும் கரைக்கு அப்பாலேயே நின்றன. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வருகை குறிக்கப்படும் கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றியிறக்கியவை கயிற்றால் தைத்த 'சலங்கு'கள். துய்ப்ளேக்சுக்குச் சிலை உண்டு, சலங்கோட்டிக்கு இல்லை.

ஆற்றின் மேற்பகுதியையும் இதனோடு சேர்த்தே நோக்க வேண்டும். 1940களின் இறுதியில் அரிக்கமேட்டை அகழ்ந்த கசால், வில்லியனூருக்கு வடமேற்கேயுள்ள சுத்துக்கேணியின் ஈமக்காடுகளையும் ஆராய்ந்தார். துறைக்குப் பின்னே ஒரு மக்கட்பரப்பு இருந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வும் இதையே வலியுறுத்திற்று: ரோமானியப் பொருள்கள் வருமுன்பே அங்கு மக்கள் வாழ்ந்தனர், அவ்வணிகம் தளர்ந்த பின்னும் வாழ்ந்தனர்.

இன்று அரிக்கமேட்டுக்குச் செல்வோர் காணும் செங்கற் சுவர்கள் ரோமானியருடையவையல்ல. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குருமடத்தின் எச்சம். பண்டைய கட்டடங்கள் மண்ணால் மூடப்பட்டுள்ளன. ஒரு பகுதியை ஆறே அரித்துக்கொண்டது. சுண்ணாம்பாற்றில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து விசைப்படகுகள் ஓடுகின்றன. காற்றை நம்பிப் புறப்படும் தேவை இப்போது எவருக்கும் இல்லை.

மட்கலம் உடைந்தாலும் மண்ணில் எஞ்சும். ஆகவே அதைச் செய்தவன் வரலாற்றில் இடம்பெறுகிறான். தோணியின் மரமும் பாயும் கயிறும் மக்கிப் போகின்றன. ஆகவே ஓட்டியவன் மறைகிறான். அகழாய்வு அறிக்கையை மட்டும் படிப்பவர்க்கு அரிக்கமேடு ரோமானியர் வந்த ஊர். அருகே புறநானூற்றையும் விரித்து வைத்துப் படிப்பவர்க்கு, அது நம்மவர் தோணி செலுத்திய ஊர்.