சஞ்சிகைப் பதிவு: ஒரு நூலக வழமையின் வரலாறு

நூலகங்களின் வரலாறு பெரும்பாலும் கட்டடங்களின் வரலாறாகவோ, அவற்றை நிறுவியோரின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. அங்கு நாள்தோறும் நிகழும் சிறு கருமங்கள் ஆய்வுக்குரியனவாகக் கொள்ளப்படுவது அரிது. ஆயின் ஒரு நிறுவனம் யாருக்காக இயங்குகின்றது என்பதை அக்கருமங்களே தெளிவாகக் காட்டுகின்றன. சஞ்சிகைகளைப் பெற்றுப் பதியும் வழமையை இக்கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளும் முயற்சியாகும்.

நூலை வாங்குதல் ஒருமுறை நிகழ்ந்து முடிவது. சஞ்சிகையை வாங்குதல் அத்தகையதன்று. ஆண்டுச் சந்தா முன்கூட்டியே செலுத்தப்படுகின்றது. பொருளோ பகுதி பகுதியாகப் பின்னர் வந்து சேர்கின்றது. சில இதழ்கள் அஞ்சலில் தவறுகின்றன. அச்சிட்ட பிரதிகள் தீருமுன் தவறியதைக் கேட்டுப் பெறல் வேண்டும். பொதுப் பணத்துக்கு உரிய பொருள் கிடைத்தது என்பதைக் கணக்காய்வாளருக்குக் காட்டவும் வேண்டும். வந்த இதழின் தொகுதி எண், இதழ் எண், திகதி என்பவற்றைப் பதிதல், முத்திரையிடல், தவறியதைக் கோரல், தொகுதி நிறைவுற்றதும் கட்டுவித்தல் ஆகிய வழமைகள் யாவும் இத்தேவைகளின் விளைவுகளே.

இவற்றுக்குத் தொடக்கத்தில் பயன்பட்டது பேரேடு. வந்ததைப் பதிவதற்கு அது போதுமானதாயிருந்தது. வராததைக் காட்டும் ஆற்றல் அதற்கில்லை. வார இதழ், மாத இதழ், காலாண்டிதழ் எனப் பல்கிய சஞ்சிகைகளில் எது தவறியது என அறிய ஏடு முழுவதையும் புரட்ட வேண்டியிருந்தது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். இரங்கநாதன் இக்குறையை நீக்க மூன்று அட்டை முறையை வகுத்தார். ஓர் அட்டை வந்த இதழ்களைப் பதிந்தது. மற்றோர் அட்டை, அடுத்த இதழ் வரவேண்டிய வாரத்தின் கீழ் வைக்கப்பட்டது. இதழ் வந்ததும் அட்டை முன்னோக்கி நகரும், வராவிடின் அங்கேயே தங்கித் தவறுதலைத் தானே அறிவிக்கும். மூன்றாவது அட்டை நூலகத்தின் இருப்பைப் பொருள்வாரியாகக் காட்டியது. 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பது. மரபென்ற ஒரே காரணத்துக்காக அவர் பேரேட்டைப் பேணவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

மேலைநாடுகளில் இதே தேவையைக் கார்டெக்ஸ் எனப்பட்ட தட்டடுக்குப் பெட்டிகள் நிறைவுசெய்தன. 1960களின் தொடக்கத்தில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம் இவ்வேலைக்குக் கணனியைப் பயன்படுத்தியது. வரவேண்டிய இதழ்களுக்குரிய துளையட்டைகள் முன்கூட்டியே ஆக்கப்பட்டன. எஞ்சிய அட்டைகள் தவறிய இதழ்களைக் காட்டின. கருவி புதிது, வழமையோ பழையது. சென்னையில் கையால் நகர்ந்த அட்டையின் தர்க்கமே இங்கும் தொழிற்பட்டது. செய்வதை விரைவாகச் செய்வது எப்படி என்பதே கேட்கப்பட்டது. அதனைச் செய்யத்தான் வேண்டுமா என்ற வினா எழவில்லை.

1990களில் மின்னிதழ்கள் பரவியபோது அவ்வினா தவிர்க்கவியலாததாயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் நெவாடாப் பல்கலைக்கழகத்து றீனோ வளாக நூலகம், அச்சுச் சஞ்சிகைகளுட் பெரும்பாலானவற்றைப் பதிவதையே கைவிட்டது. அம்முடிவை விளக்கி றிக் அன்டர்சன், ஸ்டீவன் சிங்க் ஆகியோர் 2003இல் எழுதிய கட்டுரை நூலகர் மத்தியில் விவாதத்துக்குள்ளானது. வாசகர் மின்னிதழை நாடும்போது ஊழியரின் உழைப்பு அச்சிதழின் பதிவில் செலவாவது பொருந்துமா என்பதே அதன் சாரம். தேவை மறைந்தபின் எஞ்சும் வழமை சடங்காகிவிடுகின்றது என்னும் வகையில் இவ்வினா நியாயமானதே.

எனினும் அம்முடிவை எல்லாச் சஞ்சிகைகளுக்கும் விதியாக்க முடியாது. பெரும் வெளியீட்டு நிறுவனமொன்றின் இதழ் தவறினால் அதன் மின்வடிவம் கைக்கெட்டும். தமிழ்ச் சிறுசஞ்சிகைகளின் நிலை வேறு. 1841இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய உதயதாரகை முதலாக இந்நாட்டில் வெளிவந்த தமிழ் இதழ்கள் பல. அவற்றுள் சில நிதியின்றி இடையிடையே நின்றன. சிலவற்றின் இதழ் எண்கள் மாறி அச்சாயின. இத்தகைய இதழொன்றின் வரிசையில் இடைவெளி காணும் ஆய்வாளர், அது வெளிவரவில்லையா, வெளிவந்தும் நூலகத்துக்கு வந்து சேரவில்லையா என அறிய வேண்டியவராகின்றார். வரவைத் திகதியுடன் குறித்த பதிவே அவருக்குச் சான்று. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு மூட்டப்பட்ட தீ ஏறத்தாழ 97,000 நூல்களை அழித்தது. பிரதி அழிந்த விடத்து, அது இருந்தது என்பதற்கு வேறொரு நூலகத்தின் பதிவும் சாட்சியாகலாம். நெவாடாவில் சுமையான வழமை இங்கு வரலாற்று மூலமாகின்றது.

ஆகவே வழமையைப் பழமை என்று தள்ளுவதும், மரபு என்று போற்றுவதும் ஒரே தவறின் இரு வடிவங்கள். ஒவ்வொரு கருமமும் எத்தேவையிற் பிறந்தது, அத்தேவை இன்றும் உளதா, அதனால் வாசகர் பெறுவது யாது என்று கேட்டல் வேண்டும். இவ்விசாரணை ஊழியருக்கு எதிரானதன்று. ஆட்குறைப்புக்கு அது சாட்டாகவும் அமையலாகாது. வேண்டாத பதிவிலிருந்து விடுபடும் எழுதுவினைஞரின் கைகளுக்கு வேலை காத்திருக்கின்றது: தமிழ்ச் சஞ்சிகைகளின் உள்ளடக்கத்துக்கு அட்டவணை தயாரித்தல், சிதறிய இதழ்களைத் தேடித் தொகுத்தல். அவ்வுழைப்பு அங்கு திருப்பப்படுமாயின் பழைய வழமையை நாம் வினவியதற்குப் பொருள் உண்டாகும்.