சாணைக்கல் முதல் பெல்ட் கிரைண்டர் வரை

பெல்ட் கிரைண்டர் என்பது உராய்வுத் துகள் ஒட்டிய வளையப் பட்டையை மோட்டாரால் ஓடவிட்டு உலோகத்தைத் தேய்க்கும் கருவியாகும். கத்தி செய்வோர் இதில்தான் அலகைச் சரித்து விளிம்பு எடுக்கின்றனர். முற்காலத்தில் இவ்வேலையைச் செய்தது மணற்கல் சாணை. அதன் உண்மையான விலையைத் தொழிலாளர் தம் நுரையீரலால் செலுத்தினர்.

ஷெஃபீல்டின் சாணைக்கூடங்கள்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள கத்தித் தொழிலாளர் சங்கம் 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. டான், போர்ட்டர், ரிவலின் முதலிய ஆறுகளின் நீர்ச்சக்கரங்கள் சாணைக்கற்களைச் சுழற்றின. பின்னர் நீராவி எந்திரம் வந்தது. தொழிலாளர் மரப்பலகையின் இருபுறமும் கால் போட்டு அமர்ந்து, கல்லின்மீது குனிந்து வேலை செய்தனர். கல் உடைந்து சிதறினால் உயிருக்கே ஆபத்து. அதைவிடக் கொடியது மணற்கல்லின் சிலிக்காத் தூசி. முள்கரண்டி போன்றவற்றை நீரின்றி உலர்நிலையில் தேய்த்தவர்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர்.

1845இல் வெளிவந்த நூலில் ஃபிரெடரிக் எங்கெல்ஸ், அந்நகர மருத்துவர் நைட் கூறியதை எடுத்துக்காட்டினார். அதன்படி உலர்சாணைத் தொழிலாளரின் சராசரி ஆயுள் 35 ஆண்டைத் தொடுவதே அரிது. ஈரச்சாணையில் வேலை செய்தோர் 45ஐக் கடப்பது அரிது. தூசியைப் பிடிக்கும் காந்தக் கருவி அப்போதே இருந்தும், தொழிலாளர் அதை விரும்பவில்லை. ஆபத்து குறைந்தால் ஆட்கள் பெருகுவர், கூலி குறையும் என அவர்கள் அஞ்சினர்.

செயற்கைத் துகள்கள்

1891இல் அமெரிக்காவின் எட்வர்ட் அச்செசன், களிமண்ணையும் கற்கரித்தூளையும் மின்சாரத்தால் சூடாக்கியபோது சிலிக்கன் கார்பைடு கிடைத்தது. அதற்குக் கார்போரண்டம் எனப் பெயரிட்டார். பின்னர் செயற்கை அலுமினியம் ஆக்சைடும் பயனுக்கு வந்தது. இவை மணற்கல்லின் இடத்தை மெல்ல மெல்லப் பிடித்தன. இத்துகள்களைத் துணியில் ஒட்டி வளையமாக்கியதே பெல்ட். கல்லைப்போல் இது வெடித்துச் சிதறாது. தேய்ந்தால் நிமிடத்தில் மாற்றலாம். அமெரிக்கக் கத்திக் கலைஞரிடையே 2 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் கொண்ட பெல்ட் வழக்கமான அளவாயிற்று.

குறைந்த செலவில் அமைத்தல்

இவ்வளவு பொதுவானதால், சொந்தமாகச் செய்வோரும் இந்த அளவையே நாடுகின்றனர். சொரசொரப்பு முதல் மெருகு வரை எல்லாத் தரத்திலும் பெல்ட் கிடைக்கும். சட்டத்தைச் சதுர இரும்புக் குழாயால் பற்றவைத்துக்கொள்ளலாம். மோட்டார், சக்கரங்கள், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றில்தான் பணம் செலவாகும். இரும்புத்தூள் உட்புகாதபடி முழுதும் மூடிய மோட்டாரே ஏற்றது. நிமிடத்திற்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரில் 100 மில்லிமீட்டர் சக்கரம் பொருத்தினால் பெல்ட் நிமிடத்தில் ஏறத்தாழ 450 மீட்டர் ஓடும். 2,880 சுற்றானால் 900 மீட்டரைத் தாண்டும். வேகம் கூடினால் வேலை விரையும்; ஆனால் மெல்லிய விளிம்பு சூடேறிக் கடினத்தன்மையை இழக்கும். தொடக்கத்தில் வேகக் கட்டுப்பாடு வாங்க இயலாதோர் குறைந்த வேக மோட்டாரைத் தேர்ந்து, அலகை அடிக்கடி நீரில் தோய்ப்பது நலம்.

மணற்கல் போனாலும் தூசி போகவில்லை. எஃகுத்தூளும் கைப்பிடி மரத்தூளும் இன்றும் மூச்சில் கலக்கின்றன. ஆகவே செலவுப் பட்டியலில் சுவாசக் கவசம், கண்ணாடி, தூசி உறிஞ்சும் ஏற்பாடு ஆகியவற்றை மோட்டாருக்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.