கடலடிப் பொறியின் தொப்புள்கொடி

வானில் பறக்கும் விமானத்தையும் நிலத்தில் ஓடும் வண்டியையும் வானொலி அலை கொண்டே தொலைவிலிருந்து செலுத்தலாம். கடலடியில் அது செல்லாது. உப்புநீர் அந்த அலைகளை விழுங்கிவிடும். ஒலியலை நீரில் நெடுந்தொலைவு செல்லுமாயினும், எந்திரம் காணும் காட்சியை அதன்வழி உடனுக்குடன் மேலே அனுப்புதல் அரிது. ஆகவே, ஆளின்றிக் கடலடியில் உழைக்கும் பொறிக்கு மேலிருந்து ஒரு வடம் இறங்க வேண்டியதாயிற்று. பொறியியலார் அதனைத் தொப்புள்கொடி என்றே வழங்குவர். மின்சாரமும் கட்டளையும் அதன்வழி கீழே செல்கின்றன. பொறியின் கண் கண்டது அதன்வழி மேலே வருகின்றது.

கடலுக்குள் கம்பி இறக்கும் கலைக்கு நம் நாட்டுக் காடுகளே முதற்கண் கைகொடுத்தன என்பதைப் பலர் மறந்திருப்பர். பாராங் கத்திப் பிடிக்கு மலாய்மக்கள் பயன்படுத்திய கெத்தா பெர்ச்சா என்னும் மரப்பிசினின் மாதிரியை, சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் லண்டனுக்கு அனுப்பினார். உப்புநீரில் கெடாத அப்பிசினை உறையாக இட்டே 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்குமிடையே தந்திக்கம்பி கிடத்தப்பட்டது. மரத்தை வெட்டி வீழ்த்தியே பால் எடுத்தமையால் அவ்வின மரம் காடுகளில் அருகியது தனிக்கதை.

தந்திக்கம்பி செய்தியை மட்டும் சுமந்தது. எந்திரத்தையே நடத்தும் வடத்தின் ஆற்றலை உலகம் கண்டது 1966இல். அவ்வாண்டு ஜனவரி 17ஆம் நாள், ஸ்பெயின் நாட்டுப் பலோமாரஸ் ஊருக்கு மேலே இரு அமெரிக்க இராணுவ விமானங்கள் மோதின. நான்கு ஹைட்ரஜன் குண்டுகளில் மூன்று தரையில் விழ, ஒன்று கடலில் மறைந்தது. ஆல்வின் என்னும் சிறு நீர்மூழ்கி அதனைத் தேடிக் கண்டது. தூக்கும் முதல் முயற்சியில் கயிறு அறுந்து, குண்டு இன்னும் ஆழத்துக்கு நழுவியது. பின்னர் இறக்கப்பட்டது கர்வ் என்னும் ஆளில்லாப் பொறி. வடத்தால் ஆளப்படுவது என்பது அதன் பெயரிலேயே உண்டு. கடலில் மூழ்கிய டார்பிடோக்களை மீட்கவே அது செய்யப்பட்டது. ஏறத்தாழ 880 மீட்டர் ஆழத்தில் குண்டின் பாரசூட்டில் அது தானே சிக்கிக்கொண்டது. ஏப்ரல் 7ஆம் நாள் குண்டையும் பொறியையும் ஒன்றாகவே இழுத்தெடுத்தனர்.

எல்லாப் பொறிக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. ஜப்பானியரின் கைக்கோ 1995இல் மரியானா அகழியில் 10,911 மீட்டர் ஆழம் தொட்டது. 2003 மே 29ஆம் நாள் ஷிக்கோக்கு தீவுக்கு அப்பாலான கடலில் அதன் இரண்டாம் வடம் அறுந்தது, பொறி மீளவில்லை.

வடத்தைத் தடிப்பாகச் செய்தால் என்ன என்று கேட்கலாம். தடித்த வடம் நீரோட்டத்தில் பாய்மரம் போல் இழுபடும்; சிறுபொறி அதனை இழுத்தே களைத்துவிடும். மெல்லிய வடமோ மின்சாரத்தைத் தின்னும். வீட்டில் செய்யும் சிறுபொறியின் கணக்கைப் பாருங்கள். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி 20 மீட்டர் இறங்கினால், போகவர 40 மீட்டர். 10 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய நாலரை வோல்ட் வழியிலேயே வெப்பமாகிப் போகும். மேலே 12 வோல்ட் கொடுத்தாலும் கீழே மோட்டாருக்குக் கிட்டுவது ஏழரை. பெருங்கப்பல்கள் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் அனுப்பி இவ்விழப்பைக் குறைக்கின்றன. அழுத்தம் இருமடங்கானால் இழப்பு கால்பங்காகும். மாணவர் நீந்தும் குளத்தில் அத்தகைய உயர் மின்னழுத்தம் உயிர்க்கொல்லி.

இச்சிக்கலை அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரின் கார்ல் ஹேடன் உயர்நிலைப்பள்ளி மாணவர் நால்வர் வேறுவிதமாக நோக்கினர். மெக்சிக்கோவிலிருந்து குடியேறிய எளிய குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். 2004இல் சாந்தா பார்பராவில் நடந்த கடலடிப் பொறிப் போட்டியில், அவர்தம் ஆசிரியர் இருவரும் அவர்களைக் கல்லூரிப் பிரிவிலேயே சேர்த்தனர். பெரியோரிடம் தோற்பதில் இழுக்கில்லை என்பது அவர்கள் எண்ணம். திரட்டிய பணம் சுமார் 800 டாலர். எதிரணியாகிய மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஓர் எண்ணெய் நிறுவனம் அளித்ததோ 11,000 டாலர்.

அவர்கள் பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டி உடலமைத்தனர். பசையின் நாற்றத்தால் பொறிக்கு 'நாற்றத்தான்' என்னும் பொருள்படவே பெயரிட்டனர். துணிவான முடிவு மற்றொன்று: மின்கலத்தைக் கரையில் வையாது பொறிக்குள்ளேயே வைத்தனர். வடம் கட்டளையையும் காட்சியையும் மட்டும் சுமந்தால் போதும்; ஆகவே மெல்லியதாயிற்று, பொறியும் எளிதில் திரும்பியது. ஆனால், பெட்டிக்குள் நீர் புகுந்தால் எல்லாம் பாழ். போட்டிக்குமுன் ஒத்திகையில் அதுவே நேர்ந்தது, பெட்டி கசிந்தது. மாணவர்கள் கடைக்குப் போய், மாதர் மாதவிலக்கின்போது பயன்படுத்தும் பஞ்சுச் சுருள்களை வாங்கிவந்து பெட்டிக்குள் அடைத்தனர். கசிந்த நீரைப் பஞ்சு உறிஞ்ச, மின்கலம் தப்பியது.

முடிவு அறிவித்தபோது மாசசூசெட்ஸ் அணி இரண்டாமிடத்தில் நின்றது. முதலிடம் கார்ல் ஹேடன் பள்ளிக்கு.