குடியரசுத் தலைவர் பதவியும் பிறப்புவழிக் குடியுரிமையும்

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதற்கான தகுதிகளை அரசமைப்புச் சட்டத்தின் 58ஆம் உறுப்பு சொல்கிறது. வேட்பாளர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிறைந்திருக்க வேண்டும், மக்களவை உறுப்பினராகும் தகுதி வேண்டும், ஆதாயம் தரும் அரசுப் பதவியில் இருக்கக் கூடாது. எந்த ஊரில் பிறந்தார், குடியுரிமை அவருக்கு எந்த வழியில் வந்தது என்று அது கேட்பதில்லை. அமெரிக்க அரசமைப்பிலும் வயது வரம்பு 35தான். ஆனால் அங்கே பிறப்பாலேயே குடிமகனானவர் மட்டுமே அதிபராகலாம். அந்த முன்மாதிரி இந்திய அரசமைப்பை வகுத்தவர்களுக்குத் தெரியாததல்ல. அரசமைப்பு ஆலோசகர் பி.என்.ராவ் 1947இல் அமெரிக்காவுக்கே போய்ச் சட்ட அறிஞர்களிடம் பேசிவிட்டு வந்தவர். தெரிந்தும் சேர்க்காமல் விட்ட நிபந்தனை என்றே இதைக் கொள்ள வேண்டும். விட்டது சரி என்பதற்கு வலுவான சான்று தில்லியைவிடக் கடலோரத்தில்தான் கிடைக்கிறது.

தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தில் இருக்கும் புன்னக்காயலை எடுத்துக்கொள்வோம். முன்பு திருநெல்வேலி மாவட்டம், 1986 முதல் தூத்துக்குடி மாவட்டம். போர்ச்சுக்கீசியரான அன்றிக் அடிகளார் தமிழ் கற்று, ஊழியம் செய்து, 1600இல் இறந்தது இந்த ஊரில்தான். இக்கரைப் பரதவர்களுக்குக் கொழும்பு அயலூர் மாதிரி. தோணிப் போக்குவரத்தும் வணிகமும் தலைமுறைகளாக இரு கரைகளையும் இணைத்து வைத்திருந்தன. பெற்றோர் புன்னக்காயலில் பிறந்து, பிள்ளை 1930களில் கொழும்பில் பிறந்திருந்தால் அந்தப் பிள்ளை எந்த நாட்டுக் குடிமகன்? இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மண்ணில் பிறந்ததை மட்டும் போதுமானதாக ஏற்கவில்லை. தகப்பனோ முன்னோரோ அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. இந்திய அரசமைப்போ கதவைத் திறந்து வைத்தது. பிள்ளை இந்தியாவையே நிலையான வாழ்விடமாகக் கொண்டிருந்தால், பெற்றோரில் ஒருவர் இங்கே பிறந்ததே போதும் என்றது 5ஆம் உறுப்பு. கொழும்பிலேயே வாழ்ந்தாலும் இந்தியத் தூதரகத்தில் பதிந்துகொள்ளலாம் என்றது 8ஆம் உறுப்பு. பிறந்த நாடு கைவிட்ட ஒருவரைக் குடிமகனாக ஏற்றுக்கொண்டுவிட்டு, ‘நீ பிறந்தது வெளியே, உச்சப் பதவிக்கு மட்டும் ஆசைப்படாதே’ என்று சொல்வது என்ன நியாயம்? 1964 அக்டோபரில் சாஸ்திரி–சிறிமாவோ உடன்பாட்டின்படி 5,25,000 மலையகத் தமிழர்களை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அவர்களில் இலங்கையிலேயே பிறந்தவர்கள் ஏராளம். பிறப்பு நிபந்தனை இருந்திருந்தால் அத்தனை பேரும் தொடக்கத்திலேயே இரண்டாந்தரக் குடிமக்களாகியிருப்பார்கள்.

‘பிறப்பால் குடிமகன்’ என்பதற்கு நிலையான ஒரு பொருள் இருக்கிறது என்ற எண்ணமும் பிழை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் அநேகமாக அதுவே போதும். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் மட்டும் குடிமகன் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. இன்னொன்று: இந்தியப் பெற்றோருக்கு துபாயில் பிறக்கும் குழந்தை 3ஆம் பிரிவுக்குள்ளேயே வராது, 4ஆம் பிரிவின் கீழ் மரபுவழிக் குடிமகன். ஓராண்டுக்குள் துணைத் தூதரகத்தில் பதிந்து, குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். ‘பிறப்பால்’ என்ற சொல்லை அரசமைப்பில் அப்படியே எழுதிவிட்டால், வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழரின் பிள்ளை வெளியே நிற்கும். அமெரிக்காவில் இந்தக் குழப்பம் இன்றும் தீரவில்லை. பனாமா கால்வாய்ப் பகுதியில் பிறந்த ஜான் மெக்கெய்ன், கனடாவின் கால்கரியில் பிறந்த டெட் குரூஸ் இருவரின் தகுதியும் கேள்விக்குள்ளானது. துளசேந்திரபுரத்து வழித்தோன்றலான கமலா ஹாரிஸ் ஓக்லாந்திலேயே பிறந்தவர்; 2020இல் அவரையும் விட்டுவைக்கவில்லை.

இந்தியாவில் பிறப்பு நிபந்தனை வேண்டும் என்ற கோரிக்கை உரக்க எழுந்தது 1999 மே மாதம். இத்தாலியில் பிறந்து 1983இல் பதிவின் மூலம் குடிமகளான சோனியா காந்தியை மனத்தில் வைத்து, குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் பதவிகள் பிறப்பால் இந்தியரானவர்களுக்கே என்று அரசமைப்பைத் திருத்தச் சொன்னார்கள் சரத் பவார், பி.ஏ.சங்மா, தாரிக் அன்வர் மூவரும். காங்கிரஸ் அவர்களை வெளியேற்றியது. தேசியவாத காங்கிரஸ் பிறந்தது. திருத்தம் வரவில்லை. திருத்தம் கோரியவர்கள் தரப்பில் சொல்லக்கூடிய நல்ல பதில் ஒன்று உண்டு: பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்தவர்கள், இந்திய வம்சாவளியினர் அனைவரையும் சேர்த்து விதியை எழுதினால், இன்றைய பாகிஸ்தானில் பிறந்த மன்மோகன் சிங்குக்கோ புன்னக்காயல்காரரின் கொழும்புப் பிள்ளைக்கோ இடைஞ்சல் வராது. உண்மைதான். ஆனால் அப்படி எழுதினால் அளவுகோல் பிறப்பிடத்திலிருந்து வம்சத்துக்கு மாறிவிடுகிறது. குடிமக்களை ரத்தம் பார்த்துப் பிரிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கும்.

விசுவாசமே அந்தக் காரணம் என்பார்கள். முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கும்போது இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. என்றாலும் பிறப்பிடம் விசுவாசத்துக்குச் சான்றாகாது என்பதற்குப் பக்கத்து நாடே உதாரணம். கோட்டாபய ராஜபக்ச இலங்கையில் பிறந்தவர். எந்தப் பிறப்பு நிபந்தனையையும் எளிதில் தாண்டியிருப்பார். 2019 அதிபர் தேர்தலில் சிக்கலானது அவர் பின்னாளில் பெற்ற அமெரிக்கக் குடியுரிமை. இரட்டைக் குடியுரிமையாளர்களுக்கு 2015இல் 19ஆவது திருத்தம் போட்ட தடையை 2020இல் 20ஆவது திருத்தம் நீக்கியது. 2022இல் 21ஆவது திருத்தம் மறுபடி கொண்டுவந்தது. இந்தியாவில் அந்த ஊசலாட்டத்துக்கு இடமே இல்லை. தானாக விரும்பி அயல்நாட்டுக் குடியுரிமை பெறுபவர் இந்தியக் குடிமகனாகத் தொடர முடியாது. வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்பவர், திருநெல்வேலியிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், 58ஆம் உறுப்பின் கீழ் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படும் உரிமை அவருக்கில்லை என்று குடியுரிமைச் சட்டத்தின் 7பி பிரிவு பெயர் சொல்லியே விலக்குகிறது.