ஒலியும் ஒளியும்: இதில் ஒலி எங்கே போயிற்று?

சென்னைத் தொலைக்காட்சியின் வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நிகழ்ச்சிக்கு "ஒலியும் ஒளியும்" என்று பெயர் வைத்தவர் யாரோ, ஒலியை முதலில் வைத்தார். டி.வி. செய்தவர்கள் அந்த வரிசையை ஒருநாளும் மதிக்கவில்லை என்பது என் கட்சி. படம் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு வந்தது, 20 அங்குலத்திலிருந்து 55 அங்குலத்துக்கு வளர்ந்தது. ஸ்பீக்கரோ முன்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்குப் போய், அங்கிருந்து அடியில் போய், சில டி.வி.களில் இன்று முதுகுப்புறச் சுவரைப் பார்த்துப் பேசுகிறது. இதில் அதிகம் நஷ்டப்பட்டவர்கள் நம்மைப்போல எழுபதைத் தாண்டியவர்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

சென்னை நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. புதுச்சேரியில் உள்ள நாம் அதைப் பிடிக்க மொட்டை மாடியில் கொடிக்கம்பம் போல ஆண்டெனா நட்டு, பூஸ்டர் வைத்து, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று மாடிக்கும் கூடத்துக்கும் கத்திக்கொண்டிருந்தது நினைவிருக்கும். தபாலாபீசில் டி.வி.க்கு லைசென்ஸ் கட்டிய காலம் அது. சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே செய்த பெட்டிகள். கதவு வைத்த மரப்பெட்டி, பூட்டுச் சாவி வேறு. படம் புள்ளி புள்ளியாக இருக்கும். ஆனால் செய்தி வாசிப்பவர் சொன்ன ஒரு வார்த்தையும் தப்பாது.

காரணம் எளிமையானது. படக்குழாய் ஆழமானது, அதற்காகப் பெட்டியும் ஆழமாக இருக்க வேண்டியிருந்தது. அந்தப் பெட்டியில் நல்ல நீள்வட்ட ஸ்பீக்கர் ஒன்றை, பெரும்பாலும் திருகுகளுக்குக் கீழே, நம் முகத்தைப் பார்த்த மாதிரி வைத்தார்கள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கும். பின்பக்கத்துக் காற்று சுற்றிவந்து முன்பக்கத்தோடு கலந்தால் கனத்த ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அப்படிக் கலக்காமல் தடுப்பது பெட்டி. மரப்பெட்டி அழகுக்கு வைத்தது என்று நாம் நினைத்திருந்தோம், அது சத்தத்துக்கும் வேலை செய்தது.

வெளியே தனி ஸ்பீக்கர் மாட்டுவது டி.வி.க்கு முன்பே உள்ள பழக்கம். பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றின் பின்புறம் அதற்கென இரண்டு துளைகள் இருக்கும். அடுத்த அறையில் இருக்கும் பாட்டிக்கு ஒரு ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளலாம். டி.வி.யில் இதைச் செய்யப் போனவர்களை மெக்கானிக்குகள் தடுத்தார்கள், அதுவும் நியாயம்தான். அன்றைய டி.வி.கள் பலவற்றில் உள்ளே இருக்கும் சேசிஸ் நேரடியாக வீட்டுக் கரண்டோடு சேர்ந்திருக்கும். அதிலிருந்து ஒயரை இழுத்து ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால், ஆம்ப்ளிஃபயரைத் தொட்டவர் கதி அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர்களிடம் படித்த பாசத்தால் சொல்லவில்லை. 1980-களின் தொடக்கத்தில் பிரான்சில் விற்கும் டி.வி.களுக்கு "பெரிடெல்" என்ற 21 முனைச் சொருகி கட்டாயமாக்கப்பட்டது. உலகத்தில் மற்றவர்கள் இதை "ஸ்கார்ட்" என்றார்கள். வீடியோ டெக்கிலிருந்து படத்தை உள்ளே வாங்கவும், டி.வி.யின் சத்தத்தை வெளியே ஹை-ஃபை பெட்டிக்குக் கொடுக்கவும் ஒரே சொருகி. வெளிச் சாதனத்தைச் சொருக வேண்டுமானால் சேசிஸில் கரண்ட் இருக்கக்கூடாது. ஆகவே பாதுகாப்பும் கூடவே வந்தது.

எங்கள் தெருவில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர், அந்தச் சமயத்தில் பாரீசிலிருந்து கலர் டி.வி. ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்தார். தெருவே திரண்டு போனோம். போட்டால் முகம் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும், போட்டோ நெகட்டிவ் மாதிரி ஒரு படம். சத்தம் சுத்தமாக இல்லை. பிரான்சின் முறை வேறு, நம் முறை வேறு. வண்ணத்துக்கு அவர்கள் செகாம், நாம் பால். படத்தை அனுப்பும் விதமே தலைகீழ். சத்தத்தை நாம் எஃப்.எம்.மில் அனுப்பினோம், அவர்கள் ஏ.எம்.மில் அனுப்பினார்கள். மனிதர் நொந்துபோனார். பிறகு ஒரு மெக்கானிக் பையன் பெரிடெல் சொருகியில் ஒயரைப் பற்றவைத்து வீடியோ டெக்கை இணைத்தான். வண்ணம் வரவில்லை, கறுப்பு வெள்ளையில் படம் ஓடியது. சத்தத்தை மட்டும் அவர் கூடவே கொண்டுவந்திருந்த ஸ்டீரியோவுக்குக் கொடுத்தார்கள். கூடத்தின் இரண்டு மூலையிலும் ஆளுக்குப் பாதி உயரத்தில் ஸ்பீக்கர்கள். வீணாய்ப்போன அந்த டி.வி.யில் கேட்ட வசனத் தெளிவை நான் பிறகு எந்தக் கலர் டி.வி.யிலும் கேட்கவில்லை.

நம் நாட்டில் 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியோடு வண்ணம் வந்தது. கூடவே ஒரு புதுத் தொல்லை. ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது. கலர் படக்குழாய்க்குப் பக்கத்தில் காந்தம் வந்தால் திரையின் மூலையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு விழும். மெக்கானிக் வட்டமான காயில் ஒன்றைக் கொண்டுவந்து திரைக்கு முன்னால் ஆரத்தி சுற்றுவதுபோலச் சுற்றித்தான் அதை எடுப்பார். அதற்குப் பயந்தே பலர் ஸ்பீக்கரைக் கிட்டே சேர்க்கவில்லை.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது, விளம்பரமும் வந்தது. "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று பெட்டிமேல் ஒட்டி விற்றார்கள். கரண்ட் பில் பார்த்துப் பழகிய எனக்கு அன்றே இது இடித்தது. மொத்த டி.வி.யும் சேர்ந்து சுமார் 100 வாட்ஸ்தான் எடுத்துக்கொள்கிறது, அதிலிருந்து 1000 வாட்ஸ் சத்தம் எப்படி வெளியே வரும்? பி.எம்.பி.ஓ. என்பது கண் இமைக்கும் நேரத்து உச்சத்தைக் கற்பனையாகக் கூட்டிப்போட்ட கணக்கு. உண்மையில் வந்தது சில வாட்ஸ். அடுத்து, சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த 5.1 பெட்டிகள் வந்தன. வீடு அதிர்ந்தது, வசனம் புரியவில்லை.

பிறகு தட்டை டி.வி. வந்தது. பெட்டியின் ஆழம் போயிற்று, ஓரத்துச் சட்டமும் போயிற்று. படம் கண்ணாடிபோல இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஸ்பீக்கருக்கு இடமில்லை. அரசாங்கக் கணக்கில் எங்கேயும் சேராததை "இதரச் செலவு" என்ற தலைப்பில் தள்ளுவோம். அதுபோல ஒலியை அடியிலோ பின்னாலோ தள்ளிவிட்டார்கள்.

இதில் நம் வயதுக்காரர்களுக்கு என்ன கேடு? சொல்லைச் சொல்லாக்குவது மெய்யெழுத்துகள்தான். ச, ஸ, த போன்ற ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் உயர்ந்த அலைவரிசையில், 3000, 4000 ஹெர்ட்ஸுக்கு மேலும் இருக்கிறது. இந்த உயர்ந்த ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி, திருப்பிய பக்கம்தான் போகும். ஸ்பீக்கர் தரையைப் பார்த்தால் அது தரைக்குப் போகும். வயதானால் நம் காது முதலில் இழப்பதும் அதே உயர்ந்த ஒலிகளைத்தான். டி.வி. பாதியை விழுங்க, காது மீதியை விழுங்கிவிடுகிறது.

என் அக்காவுக்கு வயது 81. மகன் பெரிய டி.வி. வாங்கிச் சுவரில் உயரே மாட்டினான். "பேசறது கேக்குது தம்பி, என்ன பேசறாங்கன்னுதான் தெரியல" என்றார். சத்தத்தைக் கூட்டினார்கள், பின்னணி இசைதான் கூடியது. பக்கத்து வீட்டில் முகம் சுளித்தார்கள். பேரப்பிள்ளைகள் விளையாட்டாகச் "செவிட்டுப் பாட்டி" என்றன. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கூடத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். மாலையில் எல்லோரும் கூடியிருக்கும் நேரத்தில் தன் அறையில் தனியே உட்கார்ந்திருந்தார். காது டாக்டரிடம் கூட்டிப்போனோம். வயதுக்கு உரிய குறைதான், நேருக்கு நேர் பேசினால் நன்றாகவே புரிந்துகொள்கிறார் என்றார் டாக்டர்.

நேருக்கு நேர் என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சாதாரண ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி, ஹெட்போன் துளையில் சொருகி, நீள ஒயர் விட்டு, அக்கா நாற்காலிக்கு முன்னால் முக்காலியில் காது உயரத்தில் வைத்தேன். தூரம் பாதியானால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடும். டி.வி.யைக் கத்தவிட வேண்டியதில்லை. இப்போது முன்பைவிடக் குறைந்த சத்தத்தில் செய்தி கேட்கிறார். செய்தி வாசிப்பவர் "ழ"வை "ள" என்று சொன்னால் அங்கேயே திட்டுகிறார்.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். புது டி.வி.யில் ஹெட்போன் துளை இல்லாவிட்டால், எச்.டி.எம்.ஐ. துளைகளில் "ஏ.ஆர்.சி." என்று எழுதியது ஒன்று இருக்கும். 2009-இல் வந்த ஏற்பாடு. படம் வரும் அதே ஒயரில் சத்தம் திரும்பிப்போகும், பெரிடெல்லின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளக் கட்டை மாதிரி இருக்கும் சவுண்ட்பாரை அதில் மாட்டலாம். வசனத்தைத் தூக்கிக் காட்டும் பொத்தான் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். புளூடூத்தில் சில சமயம் வாய் முன்னே போகும், பேச்சு பின்னே வரும். ஒயரே மேல். நம் பழைய வீடுகளின் உயர்ந்த கூடம் எதிரொலிக்கும், கனத்த திரைச்சீலையும் தரையில் ஒரு பாயும் போட்டுப் பாருங்கள். காது மெஷின் தேவைப்படுகிறவர்களுக்கு ஸ்பீக்கர் மாற்று ஆகாது, அதற்கு டாக்டரிடம்தான் போகவேண்டும். ஒயரைக் காலில் தட்டாமல் சுவரோரமாகக் கொண்டுபோய் டேப் ஒட்டிவிடுங்கள். நம் வயதில் விழுவது அதைவிடச் செலவு.